மாயவரத்துப் பிள்ளை சைபீரியாவில் ஜெயித்த கதை



சதுரங்கம் என்றதும், "அதெல்லாம் ஆம்பிளைங்க திண்ணையில உட்கார்ந்து பொழுதைப் போக்கற சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் தஞ்சைச் சீமையில் சதுரங்கத்துக்கும் பெண்களுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூர் இருக்கிறதே, அங்கே சுவாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரியாக வளர்ந்த அம்பாளைச் சதுரங்கத்தில் ஜெயித்து, சிவபெருமான் கல்யாணம் பண்ணிக்கொண்டதாக ஸ்தல புராணம். அதுவரை அந்தப் பெண்ணை ஒருத்தராலும் ஜெயிக்க முடியவில்லையாம்! அம்பாள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தப் பக்கத்து மண்ணில், மாயவரத்தில், 1969 டிசம்பர் 11-ஆம் தேதி பிறந்தவர்தான் விஸ்வநாதன் ஆனந்த். ஆறு வயசில் அவருக்குக் காய் நகர்த்தச் சொல்லிக் கொடுத்தது வாத்தியார் இல்லை, அம்மா சுசீலா. அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். அவருடைய வேலையை ஒட்டிக் கொஞ்ச காலம் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே டெலிவிஷனில் மத்தியான வேளையில் சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து அன்றைய புதிரை எழுதி வைப்பாராம். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் ஓயாமல் ஜெயிப்பதைப் பார்த்து, "வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம்! நாமெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில் அந்த அம்மாள் செய்த காரியத்தைப் பாருங்கள்.

1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 2000-ல் உலக சாம்பியன், பிறகு 2007-லிருந்து 2013 வரை தொடர்ந்து சாம்பியன். இதெல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது.

2013 நவம்பரில் சென்னையில், சொந்த ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நார்வேக்காரரான மாக்னஸ் கார்ல்சன் என்ற 22 வயசுப் பிள்ளையிடம் பட்டத்தை இழந்தார் ஆனந்த். பத்து ஆட்டத்தில் மூன்று தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த மாதம் அவருக்கு 44 வயசு. "அவ்வளவுதான், வயசாச்சு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது தாண்டின நமக்கும் அந்தப் பேச்சு பழக்கம்தானே? தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாலும் சரி, சைக்கிள் பழகப் போகிறேன் என்றாலும் சரி, "இந்த வயசுலயா?" என்று ஒரு குரல் வீட்டுக்குள்ளிருந்தே வரும்.

கார்ல்சனை மறுபடி எதிர்ப்பது யார் என்று தீர்மானிக்க 2014 மார்ச்சில் 'கேண்டிடேட்ஸ்' போட்டி. ரஷ்யாவில், சைபீரியாப் பனியில், காந்தி மான்சிஸ்க் என்ற ஊரில். (பெயரைக் கேட்டு நம் மகாத்மாவை நினைக்காதீர்கள், அது அந்தப் பகுதி ஜனங்களின் பெயராம்.) போவதா வேண்டாமா என்று ஆனந்துக்கே தயக்கம். போகச் சொல்லி வற்புறுத்தியவர் யார் தெரியுமா? விளாதிமிர் கிராம்னிக்! 2008-ல் ஆனந்திடம் தோற்றுப்போனவர். இந்தப் போட்டியிலும் அவரும் ஒரு ஆட்டக்காரர். லண்டனில் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர்தான் எடுத்துச் சொன்னாராம். தன்னோடு போட்டி போடப் போகிறவனையே வா என்று கூப்பிடுவதற்கு ஒரு மனசு வேண்டும், இல்லையா?

எட்டுப் பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை, ஆக 14 ஆட்டம். ஜெயித்தால் ஒரு புள்ளி, சமனானால் அரைப் புள்ளி. முதல் நாளே, அப்போது உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த அரோனியனை ஆனந்த் ஜெயித்தார். மூன்றாவது சுற்றில் மாமெத்யாரவ், ஒன்பதாவதில் டொபலோவ். அவ்வளவுதான், மூன்றே வெற்றி. மீதி 11 ஆட்டமும் சமன். தோல்வி ஒன்றுகூட இல்லை. கூட்டிப் பாருங்கள், 8.5 வருகிறது. இரண்டாவதாக வந்த கர்யாகினுக்கு 7.5. அந்த அரை அரையாகச் சேர்ந்ததைப் பார்க்கும்போது எனக்கு அரிசிப் பானைக்கடியில் நாம் வைக்கிற சிறுவாட்டுக் காசுதான் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டாவது சுற்றில் ஆந்த்ரேய்கினோடு ஆட்டம் வெற்றியின் விளிம்பில் இருக்க, ஆனந்த் சமனுக்கு ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பார்த்தவர்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பைத் தணிப்பது கோழைத்தனம் ஆகாது. மறுசுற்றில் கர்யாகின் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நெருக்கினார். ஆனந்த் அசையாமல் உட்கார்ந்து அதையும் சமன் செய்தார். ஒரு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே முதல் இடம் நிச்சயமாகிவிட்டது. இங்கே நம் வயல்களில் சம்பா அறுத்த தாளில் உளுந்தும் பயறும் முற்றிக்கொண்டிருந்த பங்குனி மாதம் அது.

இந்தக் கதையை நான் முழுசாகச் சொல்லும்படி ஆனது என் நாத்தனாரால்தான். அவள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. போட்டி ஒன்றில் ஐந்து ஆட்டத்தில் நாலு தோற்றுவிட்டு வந்திருந்தாள். இவள் சதுரங்கப் பலகையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க, படிக்கிற வேலையைப் பார்க்கட்டும்" என்றாள். "அவ அழுதாளாம்மா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணி, பஸ்ஸில வரும்போது எங்கே தப்பு பண்ணினேன்னு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தா." அப்படிப்பட்ட பெண்ணின் பலகையைப் பரணில் போடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

"ஜெயித்தாரே, அப்புறம் பட்டம் கிடைச்சுதா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். கிடைக்கவில்லை. அதே 2014 நவம்பரில் சோச்சி நகரத்தில் கார்ல்சனிடம் 6.5 - 4.5 என்று மறுபடி தோற்றார். ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் பெரிய பிசகு செய்தார். ஆனந்த் அதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டார். எதிர்பாராமல் வாசலில் வந்து நின்ற அதிர்ஷ்டத்தை யாரோ என்று திருப்பி அனுப்புகிற மாதிரி! ஆனாலும் 2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக ரேபிட் போட்டியில் அதே கார்ல்சனை ஒரு சுற்றில் ஜெயித்து, பட்டத்தையும் வாங்கினார். வயசு 48.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். 2013-ல் சென்னையில் ஆனந்த் தோற்ற அந்தப் போட்டியில், ஆட்டக்காரர்கள் இருந்த கண்ணாடி அறையை வெளியிலிருந்து ஏழு வயசுப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தானும் அதற்குள்ளே உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டானாம். அவன்தான் குகேஷ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து உலக சாம்பியன் ஆனபோது அவனுக்கு 18 வயசு.

பலகை பரணிலிருந்து இறங்கிவிட்டது. நாத்தனாருக்கு இன்னும் அரை மனசுதான்.