பெயின்ட் அடித்த தேரும் தண்ணீரில் கிடக்கும் அத்தி மரமும்

முதலிலேயே சொல்லி விடுகிறேன் மக்களே, இது பக்திக் கட்டுரை இல்லை. பக்தியைக் கிண்டல் செய்கிற கட்டுரையும் இல்லை. மரத்தைப் பற்றியது. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோயிலுக்குச் சின்னதாக ஒரு மரத்தேர் உண்டு. வருஷத்தில் ஒரு நாள் ஓடும், மிச்ச நாளெல்லாம் நிற்கும். போன வாரம் தெருப் பெரியவர்கள் வசூலுக்கு வந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தேருக்கு எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடித்து, மேலே தார்ப்பாயைப் போட்டுத் தரை வரைக்கும் இறுக்கிக் கட்டப் போகிறார்களாம். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது தம்பி" என்றார் ஒருவர். அப்பா பணம் கொடுத்து விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உள்ளே போகாது, சரி பெரியப்பா. ஏற்கெனவே உள்ளே இருக்கிற தண்ணி எப்படி வெளியே வரும்?

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மரத்தூண்கள் இருந்தன. தாத்தா காலத்தில் வெறும் எண்ணெய்தான் தடவுவார்கள். பிறகு நாங்கள் நாகரிகமாகி, பொங்கலுக்குப் பொங்கல் பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்தோம். ஒரு நாள் தம்பி கிரிக்கெட் மட்டையால் தட்டியபோது ஒரு தூணின் அடியில் மட்டை உள்ளே போய்விட்டது! வெளியே பச்சைத் தோல், உள்ளே ஈரமான தூள்.

தண்ணீர்தான் மரத்துக்கு எதிரி என்று நாம் நினைக்கிறோம். தப்பு. நம் ஊரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருப்பவர் அத்தி வரதர். 1979-ல் வெளியே வந்தார். அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்துவிட்டுத் திரும்பக் குளத்துக்குள் போனார். இடையில் 40 வருஷம் தண்ணீருக்குள்ளேதான். இத்தனைக்கும் அத்தி ஒன்றும் தேக்கு மாதிரி உறுதியான மரம் கிடையாது. வெளியில் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆனால் தண்ணீருக்குள் நன்றாகத் தாங்கும் என்பது பழைய அனுபவம். கிணற்றுக்குள் இறக்கும் சட்டத்துக்கு அத்தியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

காரணம் எளிமையானது. மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று போதாது. முழுக்கக் காய்ந்த மரத்தில் (ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே) ஈரம் போதாது. இரண்டும் கிடைக்கும் இடம் எது? காயவே விடாமல் மூடி வைத்த மரம்தான். அதாவது எங்கள் தூண். நாளைக்கு எங்கள் தேர்.

ஸ்வீடனில் வாசா என்ற போர்க்கப்பல் 1628-ல் மூழ்கியது. 1961-ல் தூக்கியபோது கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. தொல்லை வெளியே வந்த பிறகுதான். அப்படியே காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும் என்று 1979 வரை 17 வருஷம் மருந்து தெளித்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்ததும் என்ன செய்வார்கள்? கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கவில்லை, வந்த தண்ணீரை வெளியே அனுப்பினார்கள். அதுதான் விஷயமே!

பெயின்ட் என்பது ஒரு தோல். மரமோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வருஷாவருஷம் இப்படி ஆடுகிற மரத்தின் மேல் ஆடாத தோல் வெடிக்காமல் என்ன செய்யும்? மயிரிழை வெடிப்பு போதும், தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். வெளியே வர மட்டும் வழியில்லை. தார்ப்பாய் இன்னும் மோசம். தரையின் ஈரம் ஆவியாகி மேலே போய், ராத்திரி தார்ப்பாயின் அடியில் வேர்த்து, தேர் மேலேயே சொட்டும்.

"அப்போ பெயின்ட் அடித்த மரமெல்லாம் கெட்டுவிட்டதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நன்றாகக் காய்ந்த மரத்தில் அடித்து, வெடிப்பு வரும் முன்பே பார்த்துச் சுரண்டித் திரும்ப அடித்தால் பெயின்ட் நல்லதுதான். என் கோபம் பெயின்ட் மேல் இல்லை. பெயின்ட் அடித்தோம், கடமை முடிந்தது என்று மறந்துபோகிற நம் புத்தி மேல்தான்.

சரி, என்னதான் செய்யலாம்? வசூலான பணத்தில் தேரைச் சுற்றித் தார்ப்பாய் வேண்டாம், தலைக்கு மேலே கூரை போடுங்கள். நாலு பக்கமும் காற்று வரட்டும், சாரல் படாதபடி கூரை நீளட்டும். சக்கரத்துக்கு அடியில் மண் வேண்டாம், கருங்கல் வையுங்கள். மரத்தின் வெட்டு முனைகள்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும், அங்கே முதலில் கவனியுங்கள். கோடையில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். (துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.) எண்ணெய் பூஞ்சைக்கு மருந்து இல்லை, கூரைக்கு மாற்றும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உடனே தச்சரைக் கூப்பிடுங்கள்.

இதில் பளபளப்பு இல்லை. உபயதாரர் பெயர் எழுதவும் பெரிய இடம் இல்லை. அதனால்தான் யாருக்கும் பிடிக்காது என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்குப் போகப் போகிறேன். கையில் ஆதாரம் இருக்கிறது, அந்தப் பச்சைத் தூணின் அடித்துண்டு. கையால் பிசைந்தால் உதிரும். பெரியப்பாக்கள் திட்டினாலும் பரவாயில்லை, ஒரு தரம் பிசைந்து பார்த்துவிட்டுத் திட்டட்டும்.