கல்லின் பிடிவாதம்

"கற்காலத்து ஆசாமி ஐயா இவன்!" என்றார் நண்பர்.

தருமபுரியில் அவர் புது வீடு கட்டுகிறார். கூடத்துக்குக் கறுப்புக் கிரானைட் பதிக்கிறார்கள். ஒரு பலகையின் ஓரம் இயந்திரத்துக்கு அடங்காமல் சில்லாகத் தெறித்துவிட்டது. "உள்ள நரம்பு ஓடுதுங்க சார். அந்த எடத்துல எப்படி வெட்டினாலும் தெறிக்கும்" என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். நண்பர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; நல்ல நாவல்களாகத் தேடிப் படிப்பவர். (என்னுடையவற்றையும் படித்ததாகச் சொல்கிறார்.) அவருடைய வாயிலிருந்தா இந்த வசை என்று நான் ஆச்சரியப்படவில்லை. படித்தவர்கள் எல்லோருக்குமே இது கைவந்த வசைதான். மின்சாரம் போய்விட்டால் கற்காலம். மாமியார் அம்மியில் அரைக்கச் சொன்னால் கற்காலம். புத்தி மட்டு என்று சொல்ல வேண்டியபோதெல்லாம் பாவம், செத்து நாலாயிரம் வருஷமான மனிதனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிடுகிறோம். அவன் வந்து மானநஷ்ட வழக்குப் போடமாட்டான் என்ற தைரியம்!

அன்று சும்மா இருந்துவிட்டேன். மறுநாள் மாலை நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

பென்னாகரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு வண்டிப் பாதையில் நண்பரின் பூர்வீக கிராமம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் பிள்ளையார் மேடை. மேடையில் தும்பிக்கை வைத்த பிள்ளையார் கிடையாது. கையகலக் கறுப்புக் கற்கள் ஏழெட்டு, கூர்ப்பக்கம் மேலே தெரிய வரிசையாக நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டிருந்தார்கள். "உழும்போது கெடைக்குமுங்க. பாட்டன் காலத்திலேர்ந்து கொண்டாந்து இங்கதான் வைக்கிறது" என்றார் பூசாரி. நண்பர் சொந்தச் செலவில் அங்கே திருப்பணி செய்யப் போகிறார். "இந்தக் கரட்டுக் கற்களை அப்புறப்படுத்திவிட்டு மாமல்லபுரத்திலிருந்து அழகான விக்கிரகம் ஒன்று தருவிக்கிறேன்" என்றார்.

அந்தக் கற்கள் புதிய கற்காலக் கோடரிகள். சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலைப் பக்கத்திலும் இப்படிக் கோடரிகள் பிள்ளையாராகி எண்ணெய் குடித்துக்கொண்டிருப்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பழைய செய்தி. பூசாரியிடம் அநுமதி வாங்கிக்கொண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். இருந்தவற்றில் மிகவும் அவலட்சணமானது அதுதான். ஒரு முகத்தில், பின்பக்கமாக, கொப்புளம் போல ஒரு முண்டு. நண்பர் முகத்தைச் சுளித்தார். எனக்கோ, அதைத் தடவிப் பார்க்கப் பார்க்கக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஏன் என்று சொல்லுகிறேன். கல்லைச் செதுக்குகிறவன் விளிம்பில் தட்டுகிறான். தட்டின வேகம் கல்லின் தோலுக்கு அடியில் ஓடி, ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு மறுகோடியில் வெளியே வர வேண்டும். வழியில் ஒரு நரம்போ, விரிசலோ, கடினமான மணியோ குறுக்கிட்டால், அல்லது தட்டின வேகம் போதாமற் போனால், சில்லு பாதி வழியில் முறிந்து ஒரு படியை விட்டுவிடுகிறது. அடுத்த சில்லும் அந்தப் படி வரை வந்து அங்கேயே முறிகிறது. படிமேல் படி ஏறி முண்டு வளர்கிறது. அவசரக்காரன் என்ன செய்வான்? கோபத்தில் அதே இடத்தில் இன்னும் பலமாக அடிப்பான். கல் இரண்டாகும், அல்லது விளிம்பு நொறுங்கும். விஷயம் தெரிந்தவன் கையை நிறுத்திக்கொண்டு கல்லைத் திருப்புவான். எதிர்விளிம்பிலிருந்து ஒரு சில்லைக் கிளப்பி முண்டின் முதுகுப் பக்கமாக வந்து சேர்வான். அல்லது விளிம்பைச் சற்றே தேய்த்து வலுவாக்கிக்கொண்டு, முண்டுக்கும் கீழே ஆழமாக ஓடும்படி ஒரே தட்டு. இரண்டுக்கும் மசியாவிட்டால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: கொத்துவது.

கொத்துவது என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மிக்ஸி வருவதற்கு முன் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!" என்று தெருவில் குரல் வருமே, அந்த வேலைதான். அவர்களுக்கு இரும்பு உளி இருந்தது. கோடரி செய்தவனிடம் இருந்தது இன்னொரு கூழாங்கல். பொட்டுப் பொட்டாகத் தட்டி, முண்டை மாவாக உதிர்த்து, பிறகு மணலும் தண்ணீரும் போட்டுப் பாறைமீது தேய்த்திருக்கிறான். எத்தனை நாள் தேய்த்தானோ!

என் கையிலிருந்த கல்லில் இந்தக் கதை அத்தனையும் இருந்தது. முண்டின் ஒரு பக்கம் மூன்று படிகள். மூன்று முறை தோற்றிருக்கிறான். மறுபக்கம் எதிர்விளிம்பிலிருந்து வந்த ஓர் அகலமான தழும்பு. அதன்மேல் அம்மியில் இருப்பது போலப் புள்ளி புள்ளியாகக் கொத்தல். அப்புறம், பாதியில் நிறுத்திவிட்டான். மிச்ச முண்டு அப்படியே இருக்கிறது. ஏன் என்று கோடரியைத் திருப்பிப் பிடித்தபோது புரிந்தது. அந்தப் பின்பக்கம் மரப்பிடிக்குள் போய்க் கட்டுக்குள் மறைந்துவிடும். வெட்டுகிற வாய் மட்டும் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. இதைக் கரடு என்பவர் கணக்குத் தெரியாதவர்.

இந்த அறியாமைக்கு நண்பரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. "பழைய கற்காலத்தில் கரடுமுரடான ஆயுதங்கள், புதிய கற்காலத்தில் வழவழப்பான ஆயுதங்கள்" என்று ஒரே வரியில் பள்ளிக்கூடத்தில் நாமெல்லோரும் நெட்டுருப் போட்டவர்கள்தாம். ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் 1865-ல் செய்த பாகுபாடு அது. பாகுபாட்டில் தவறில்லை. அதை ஏதோ புத்தி வளர்ந்து, ரசனை வளர்ந்து, மனிதன் மெருகுக்கு வந்து சேர்ந்தான் என்று படித்துக்கொண்டோமே, அதுதான் தவறு. சென்னையை அடுத்த அத்திரம்பாக்கத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே, சில்லு எந்த உருவத்தில் பெயர வேண்டும் என்று முன்கூட்டித் திட்டமிட்டுக் கல்லைத் தயாரித்தார்கள் என்பது 2018-ல் வெளியான ஆராய்ச்சி. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கும் சின்னஞ்சிறு கல்முனைகளைப் பாருங்கள். விரல் நுனி அளவில், இரு முகமும் அழுத்திச் செதுக்கியவை. அவற்றை யாரும் தேய்க்கவில்லை. தேய்க்க அவசியமில்லை. தருமபுரிக்காரனுக்கு அவசியம் இருந்தது. காடு வெட்டிக் கழனி போட வேண்டும். மரத்தில் விழும் வாய் தேய்த்திருந்தால்தான் நொறுங்காமல் தாங்கும். கையில் கிடைத்ததோ டோலரைட் என்ற கறுங்கல். பாறை வெடிப்புகளில் குழம்பாகப் புகுந்து இறுகிய கல். சொன்ன பேச்சை எளிதில் கேட்காது. இன்று நண்பரின் கூடத்தில் கறுப்புக் கிரானைட் என்ற பெயரில் படுத்திருப்பதும் பெரும்பாலும் இதே ஜாதிதான், கிரானைட்டே அல்ல!

இன்னொன்று. 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். கல்லைக் கொத்தியவனின் அண்டை வீட்டுக்காரனோ பேரனோ மண்ணை உருக்கி இரும்பு எடுத்திருக்கிறான். இந்த ஆசாமிகளைத்தான் மின்சாரம் போனால் திட்டுகிறோம்.

நானும் சும்மா வாயால் பேசவில்லை. நண்பர் வீட்டு வாசலில் கிடந்த கறுப்புத் துண்டு ஒன்றையும் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லையும் எடுத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்தேன். ஐந்தாவது தட்டில் படி விழுந்தது. அதே இடத்தில் பலமாக அடிக்கக்கூடாது என்று உங்களுக்கு இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னவன், அதே இடத்தில்தான் பலமாக அடித்தேன். கட்டை விரலில் கட்டு. பேத்தி சிரித்த சிரிப்பை எழுத இடமில்லை. என் நாவல் ஒன்றில் பதினாலாம் அத்தியாயத்தை ஐந்து தடவை அடித்து எழுதிப் பாழாக்கினேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது; கடைசியில் அது கதையின் மறுகோடியிலிருந்து பின்னோக்கி வந்தபோதுதான் வசப்பட்டது.

"அழகான பிள்ளையார் வேண்டாம் என்கிறீரா?" என்று நண்பர் கேட்டார். வரட்டும். தாராளமாக வரட்டும். அந்த விக்கிரகத்தைச் செதுக்கப் போகிற சிற்பியும் முதலில் கல்லைத் தட்டிக் காது கொடுத்து, உள்ளே குற்றம் இருக்கிறதா என்று நாதத்தைக் கேட்டுவிட்டுத்தான் உளியை எடுப்பார். பழைய கற்களுக்குப் பக்கத்தில் உட்கார அந்தப் பிள்ளையாருக்கு ஆட்சேபம் இராது.

"வேண்டுமானால் தருமபுரி அகழ்வைப்பகத்தில் சேர்த்துவிடலாம்" என்றார். அதுவும் எனக்குச் சம்மதமே, எல்லாவற்றையும் சேர்ப்பதானால். ஆனால் ஆசைக்குப் பொறுக்குகிறவர்கள் செய்கிற காரியம் எனக்குத் தெரியும். வழவழப்பானதை எடுத்துக்கொண்டு முண்டு உள்ளதை எறிந்துவிடுவார்கள். உடைந்ததையும் சில்லுகளையும் திரும்பியே பார்ப்பதில்லை. வேலை எப்படி நடந்தது, எங்கே தவறியது, எப்படிச் சமாளித்தான் என்பதெல்லாம் அந்தக் குப்பையில்தான் இருக்கிறது. வழவழப்புக் கோடரியில் அத்தனையும் தேய்ந்து போயிருக்கும்.

போன வாரம் நண்பரிடமிருந்து தொலைபேசி. தை மாதம் கும்பாபிஷேகமாம். பழைய கற்களுக்கும் மேடையில் இடம் விடுகிறாராம். "ஆனால் அந்த முண்டுக் கல் மட்டும் கண்ணை உறுத்துகிறது ஐயா. அதை மட்டும் எடுத்துவிடட்டுமா?" என்றார். மற்ற எல்லாவற்றையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள் என்று கடிதம் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.