விடியற்காலையில் வந்து அளந்து பாருங்கள்

முப்பத்தோரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவன் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் டிரேசிங் தாளில் மைப் பேனாவால் கோடு இழுத்துப் பழகிய கை. ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தபோது, கடலோரமாக நடைபாதை, புல்தரை, கார் நிறுத்துமிடம் எல்லாம் வைத்து ஒரு வரைபடம் போடச் சொன்னார்கள். சாலைக்கும் அலைக்கும் நடுவில் இருந்த இடம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தேன். எங்கள் தொழிலில் மணலுக்கு அதுதான் அடையாளம். அதன் நடுவில் ஸ்டென்சில் வைத்து ‘காலியிடம்’ என்று அழகாக எழுதினேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது ஓய்வு பெற்று மந்தைவெளியில் இருக்கிறேன். சர்க்கரை வந்த பிறகு காலை நடை கட்டாயமாகிவிட்டது. நடை பெரும்பாலும் சென்னைக் கடலோர மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்குவதில் முடியும். ஐந்தரை மணிக்கு அந்தக் கரையைப் பார்த்தவர்கள் அதைக் காலியிடம் என்று சொல்ல மாட்டார்கள். ஃபைபர் படகுகள் அலையோடு வந்து மணலில் ஏறும். நாலு பேர் தோள் கொடுத்து மேலே தள்ளுவார்கள். வலையை விரித்து உட்கார்ந்து, சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் எடுப்பதற்கு ஒரு குடும்பமே வேண்டும். பக்கத்தில் ஏலம் நடக்கும். சங்கராவும் காணாங்கத்தையும் கூடை மாறும். சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருப்பார். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கரை அடங்கிவிடும்.

சாயங்காலம் நாம் காற்று வாங்கப் போகும்போது அங்கே இருப்பது கவிழ்ந்த மாதிரி கிடக்கும் படகுகள், மூடி வைத்த வலைக் குவியல், மணல். சென்னைக் கடற்கரைக்காக இதுவரை போட்ட அழகுத் திட்டங்களில் பெரும்பாலானவை இந்தச் சாயங்காலக் கரையைப் பார்த்துப் போட்டவை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் ஒருநாள் என் பழைய வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டே சொன்னார்: “சாயங்காலம் வந்தா காலியாத்தான் சார் இருக்கும். நாங்க தூங்குற நேரத்துல வூட்ட வந்து அளந்துட்டு, ஆளே இல்லன்னு எழுதிக்குவியா?”

எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். 1985-ல், எம்.ஜி.ஆர் ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களும் வலைகளும் இடைஞ்சல் என்று அகற்றப் போனார்கள். எதிர்த்து நின்ற மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 2003-ல், ஜெயலலிதா ஆட்சியில், மெரினா எதிரே 1914-ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்ட நினைத்தார்கள். மாணவிகள் கல்லூரியை விட்டு நகர மறுத்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பிறகு தி.மு.க ஆட்சியில் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக உயர்மட்டச் சாலை என்றார்கள். குப்பங்கள் எதிர்த்தன, அதுவும் நின்றது. கோட்டையில் கட்சிகள் மாறினாலும் கரையின் மேல் எழுதப்பட்ட ‘காலியிடம்’ மட்டும் அழியவில்லை.

2023 ஏப்ரலில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையில் மீன் கடைகளால் நெரிசல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அப்புறப்படுத்தியது. குப்பத்துப் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அன்று என் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “சாலை வண்டிக்கா, மீனுக்கா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் அந்தச் சாலை, ஊருக்கும் அந்த ஊர் படகு நிறுத்தும் மணலுக்கும் நடுவில் ஓடுகிறது. வீட்டுக்கும் முற்றத்துக்கும் இடையில் நாம் சாலை போட்டுவிட்டு, முற்றத்தில் இருப்பவர்களைப் பார்த்து ஆக்கிரமிப்பு என்கிறோம்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. இந்தியாவின் முதல் மே தினக் கூட்டம் 1923-ல் சென்னைக் கடற்கரையில் நடந்தது. நடத்தியவர் சிங்காரவேலர். இதே கரையோரத்து அயோத்தியாகுப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கூட்டத்தின் நூற்றாண்டுக்குச் சில வாரங்கள் இருந்தபோதுதான் மீன்காரம்மாக்களின் பலகைகள் வண்டியில் ஏறின.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் லூப் சாலையில் புது மீன் அங்காடி திறந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள். தலைக்கு மேல் கூரை இருக்கிறது. சித்திரை வெயிலில் குடையைச் சாய்த்துச் சாய்த்து மீனைக் காப்பாற்றியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கடற்கரைக்கு வரும் குழந்தைகளுக்கு நல்ல கழிப்பறை வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலை வரை போக வழி வேண்டும். இதையெல்லாம் எதிர்ப்பவன் இல்லை நான்.

ஆனால் அங்காடி என்பது விற்கிற இடம். கடைக்கு எண் ஒட்டிவிடலாம். படகு ஏறும் மணலுக்கு யார் எண் கொடுத்திருக்கிறார்கள்? சித்திரையில் ஆளில்லாமல் கிடக்கிற மேட்டு மணல் ஐப்பசி, கார்த்திகையில் தேவைப்படும். வடகிழக்குப் பருவமழையில் கடல் ஏறி வரும்போது படகுகளையும் மேலே ஏற்றியாக வேண்டும். கரைக்கு ஒரே கோடு போட்டு எல்லை குறிக்க முடியாது என்பதை ஒரு டிராஃப்ட்ஸ்மேனாகச் சொல்கிறேன்.

மெரினாவின் அகலமே ஒரு பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்தது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை போட்டு ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். வடக்கே ராயபுரம் பக்கம் அதே சுவரால் மணல் வராமல் கரை அரித்துப் போனது. இங்கே நாம் காற்று வாங்குகிற மணல், அங்கே இன்னொருவர் இழந்த நிலம். அன்று யாரும் வடக்கே போய்க் கேட்கவில்லை.

இன்று கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தமிழகக் கரைக்கு மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் தயாராயின. 2023 ஆகஸ்டில் அவற்றின் மீது கருத்துக்கேட்பு நடந்தபோது மீனவர் அமைப்புகள் சொன்ன முக்கியமான குறை என்ன? தங்கள் ஊர்களும், படகு நிறுத்துமிடமும், வலை காயும் இடமும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்பது. வரைபடத்தில் விட்டுப்போன இடத்துக்கு நாளை ஒரு திட்டம் வந்தால் எதைக் காட்டி வழக்காடுவது? நான் அன்று வைத்த புள்ளிகள் இன்று கம்ப்யூட்டரில் வைக்கப்படுகின்றன, அவ்வளவுதான்.

எதிர்ப்பவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்லும் முன் அரசு மூன்று வேலைகளைச் செய்யலாம். எந்தத் திட்டத்துக்கும் முன்னால் ஒவ்வொரு குப்பத்தின் பொது மணலையும் ஊராரோடு நடந்து அளந்து, மழைக்கால எல்லையோடு சேர்த்து வரைபடத்தில் ஏற்றி, சட்டப்படி உறுதி செய்யலாம். கருத்துக்கேட்பைக் குளிரூட்டிய அரங்கில் வைக்காமல் குப்பத்திலேயே, கரை அடங்கிய பிறகு, தமிழ் ஆவணங்களோடு நடத்தலாம். ஏலமும் விற்பனையும் நடக்கும் காலை நேரத்தில் லூப் சாலையில் வெளி வண்டிகள் வராமல் தடுக்கலாம். ஊர்வலத்துக்கும் மாரத்தானுக்கும் காமராஜர் சாலையையே மூடத் தெரிந்த நகரம் இது.

அந்த அம்மாவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு எவனாவது ஒரு இளைஞன் எங்கோ ஒரு அலுவலகத்தில் இந்தக் கரையைத் திரையில் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஒன்று சொல்வேன்: தம்பி, ‘காலியிடம்’ என்று எழுதுவதற்கு முன் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு வா. நான் அங்கேதான் இருப்பேன்.