நெய்வேலிக்கும் பாஸ்பரஸுக்கும் என்ன சம்பந்தம்? பேட்டரிக்குப் பின்னால் மதுரையில் பாடம் நடத்திய ஒருவர்!

நெய்வேலின்னாலே பழுப்பு நிலக்கரிதான். 1962 முதல் அங்கே அனல் மின்சாரம். அதே என்.எல்.சி. நிறுவனம்தான் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை பேட்டரியோடு சேர்த்து அமைத்தது. காரணம் சிம்பிள்: நிலக்கரி ராத்திரியும் எரியும், வெயில் ராத்திரி அடிக்காது.

பாஸ்பரஸ் எங்கே வருது?

மின்சாரத்தைச் சேமிக்க உலகம் இப்போது அதிகம் நம்புவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை. பாஸ்பேட்டில் ஒரு பாஸ்பரஸ் அணு நான்கு ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருக்கும். சூடானாலும் ஆக்சிஜன் லேசில் வெளியேறாது. அதனால் தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. விலை அதிகமான கோபால்ட், நிக்கலும் தேவையில்லை.

யார் கண்டுபிடிச்சது?

1997-ல் டெக்சாஸில் ஜான் குட்எனஃப் குழு. அதற்கு முன்பே, 1980-களில் சல்பேட் சேர்மங்களில் வழிகாட்டிய ஆய்வை அவரோடு செய்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. படித்து, பிறகு மதுரையிலேயே பாடம் நடத்தியவர். 2019-ல் குட்எனஃப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியதும் இவர்தான்.

நமக்கு என்ன?

இந்த செல்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. நம்ம பி.எஸ்சி. லேபில் பாஸ்பேட் என்றால் சால்ட் அனாலிசிஸில் வரும் தொல்லை. மஞ்சள் வீழ்படிவு வந்ததும் ரெக்கார்டில் எழுதிட்டு நகர்ந்துடுவோம். அதே மேசையில் பேட்டரி ஆய்வையும் தொடங்கி வைத்தால், அடுத்த மந்திரம் டெக்சாஸ் போயே ஆகணும்னு இல்லை.