புத்தகம் வந்தது, ஆள் எங்கே?

கெங்குவார்பட்டியில் சமீபத்தில் நடந்த விவசாயத் தொழிலாளர் கூட்டம் முடிந்து கலைகிற நேரம். மாந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு சகோதரி நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். கூலியைப் பற்றியல்ல; ரேஷனைப் பற்றியுமல்ல.

“ஏண்ணே, எம் மக எட்டாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துக்குக் கதைப் பொஸ்தகம் நெறைய வந்துருக்காம். பீரோவுல பூட்டி வச்சிருக்காங்க. சாவி வச்சிருக்க டீச்சர் லீவுன்னா தெறக்க ஆளில்ல. தெறந்தாலும் எதைப் படிக்கணும்னு எடுத்துக் குடுக்க ஆளில்ல. பொஸ்தகம் வாங்குன சர்க்காரு அதுக்கு ஒரு ஆளப் போடாதா?”

நியாயமான கேள்வி. இது ஒரு பள்ளியின் சங்கதியல்ல. தமிழகத்தின் மிகப் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனி ஆள் கிடையாது. ஏற்கெனவே சுமை தாங்காத ஓர் ஆசிரியர் தலையில் சாவிக்கொத்தையும் கட்டிவிடுகிறார்கள். அவரும் இல்லையென்றால் அலுவலக உதவியாளர், அல்லது மதிப்பூதியத்துக்கு வரும் யாராவது ஒரு பெண். இதற்குப் பெயர் நூலகம்!

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் பத்திரிகைகளும் கதைப் புத்தகங்கள் உள்பட எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்குச் சொல்லும் அதே அட்டவணையில் நூலகர் என்ற சொல்லே இல்லை. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஏற்றபடி வருஷத்துக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அது புத்தகத்துக்கு, ஆளுக்கு அல்ல. தறியை வாங்கி இறக்கிவிட்டு நெசவாளி வேண்டாம் என்று சொல்லும் முதலாளி உண்டா? பள்ளிக்கூடத்தில் மட்டும் அது நடக்கிறது.

“புத்தகத்தை எடுத்துக் கொடுக்க என்ன படிப்பு வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. மில் தொழிலாளிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பல வருஷம் பழகிய கை இழை அறுவதற்கு முன்பே கண்டுகொள்ளும். நேற்று வந்த அப்ரெண்டிஸின் கை அறுந்த பிறகும் தேடும். நூலகமும் அப்படித்தான். எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது, எது தட்டுத் தடுமாறாமல் ஓடுகிறது, ராக்கெட் கதை கேட்கும் பையனுக்கு அடுத்து எதைக் கொடுத்தால் விஞ்ஞானப் புத்தகத்துக்குத் தாவுவான், எந்தப் புத்தகத்தை மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்பதையெல்லாம் தெரிந்து செய்வது ஒரு தொழில். அதைக் கற்றுத்தான் செய்ய வேண்டும்.

இதை இந்த உலகுக்குச் சொன்னவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டதும், “எனக்குத்தான் படிப்பு இருக்கிறதே” என்று நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. லண்டனுக்குச் சென்று அந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டு திரும்பினார். பிறகு இங்கேயே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்க வழி செய்தார். அவருடைய முயற்சியின் பலனாகத்தான் 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையது.

பள்ளிகளைப் பற்றியும் அன்றே சொல்லியாகிவிட்டது. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன் 1953-ல் அறிக்கை கொடுத்தது. நூலகத்தைக் குமாஸ்தாவிடமோ, விருப்பமில்லாத ஆசிரியரிடமோ ஒப்படைக்கும் வழக்கத்தை அது கண்டித்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், அவருக்கு ஆசிரியருக்கு ஒப்பான சம்பளமும் அந்தஸ்தும் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கமிஷன் கண்டித்த குமாஸ்தா முறை அப்படியே இருக்கிறது; சிபாரிசுதான் பீரோவில் தூங்குகிறது.

பணம் இல்லையா? மத்திய சர்க்கார் நடத்தும் கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் பதவி உண்டு. அதற்கு நூலக அறிவியல் படித்திருக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் மத்திய சர்க்கார் ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு நூலகர் இருப்பது சரியே. அதில் நமக்குப் பொறாமை இல்லை. அது அவசியம் என்று தெரிந்த சர்க்காருக்கு, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவரின் பிள்ளைக்கும் மில் வேனில் ஏறுகிறவரின் பிள்ளைக்கும் மட்டும் அது ஆடம்பரமாகத் தெரிவது ஏன் என்பதே நம் கேள்வி.

ஆட்சிகள் மாறினாலும் இந்த வழி மாறவில்லை. 2006-ல் துவங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் பயின்ற நூலகருக்குப் பதிலாகச் சொற்ப மதிப்பூதியத்துக்கு ஆள் வைத்தார்கள். சில வருஷத்தில் பல கட்டிடங்கள் பூட்டப்பட்டன. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய்! வேலை நிரந்தரம், வேலை செய்பவர் மட்டும் தற்காலிகம்.

தோழர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மதிப்பூதியத்துக்கு வரும் பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. பயிற்சியும் தராமல், சம்பளமும் தராமல், பொறுப்பை மட்டும் தருவது அவர்களுக்கும் அநீதி; பிள்ளைகளுக்கும் அநீதி. பீரோ ஏன் பூட்டியிருக்கிறது? புத்தகம் தொலைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டுமே என்ற பயம். மத்திய சர்க்காரின் 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகள், வருஷத்தில் கைமாறும் ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவது, அதில் மோசடியோ கவனக்குறைவோ இல்லாவிட்டால், இயல்பே என்று ஒப்புக்கொள்கின்றன. பயின்ற நூலகருக்கு இது தெரியும். அவர் திறந்து வைப்பார். பயந்த உதவியாளர் பூட்டி வைப்பார். படிக்காத புத்தகம் தொலையாது, உண்மைதான். ஆனால் பிள்ளையின் படிப்பு தொலைகிறதே!

இந்த நோய் நம் நாட்டோடு நிற்கவில்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மாநில சர்க்கார் நியமித்த பள்ளி நிர்வாகம் 2023-ல் ஏழைப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் நூலகர்களை நீக்கிவிட்டது. நூலக அறையை, வகுப்பில் குழப்பம் செய்யும் மாணவரை அனுப்பி உட்கார வைக்கும் இடமாக ஆக்கியது. அங்கும் கை வைத்தது ஏழைப் பிள்ளையின் நூலகத்தில்தான்.

உழைப்பவனுக்கு இதில் வேறு பாரம்பரியம் உண்டு. கேரளத்தின் கண்ணூர் வட்டாரத்தில் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகையும் புத்தகமும் உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றித் தந்தார்கள். படித்துக் காட்டுவதும் வேலை, அதற்கும் கூலி உண்டு என்று பீடி சுற்றியவனுக்குத் தெரிந்தது. கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

சமீப வருஷங்களில் தமிழக சர்க்கார் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் பிள்ளைகளின் தரத்துக்கேற்ற சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. வரவேற்கிறோம். அது பாதிக் காரியம். மீதிப் பாதிக்கு நாம் கோருவது இவை:

ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் பயின்ற நூலகர் ஒருவரை முழுநேரப் பதவியில் நியமிக்க வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு முதல் கட்டமாகச் சில பள்ளிகள் சேர்ந்து ஒருவரையாவது போட வேண்டும். இன்று நூலகப் பொறுப்பில் மதிப்பூதியத்துக்கு உழைப்பவரை விரட்டாமல், சர்க்கார் செலவில் பயிற்சி கொடுத்து, சம்பள விகிதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நேர்மையாகப் பொறுப்பு வகிப்பவரிடம், வழக்கமாகத் தொலையும் ஒன்றிரண்டு புத்தகத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது.

கோரிக்கை தானாக நடக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடம் நம்முடையது. அன்றைக்குக் கூலி போகிறதே என்று நாம் போகாமல் இருந்தால், அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். சென்ற மாதம் எத்தனை புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போயிற்று என்று பதிவேட்டைக் கேளுங்கள். நூலகர் பதவி வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர் கைநாட்டு வையுங்கள். தன் மகள் கைநாட்டு வைக்கக் கூடாது என்று வைக்கும் கைநாட்டு அது.

கெங்குவார்பட்டிச் சகோதரி கேட்ட கேள்வியை ஒவ்வொரு ஊரும் கேட்கட்டும். சர்க்கார் பதில் சொல்லியே ஆக வேண்டும்.