காசு போடும் எந்திரமும் வியாபார நாணயமும்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மளிகைக் கடை, மருந்துக் கடை வாசல்களில் எல்லாம் சூயிங்கம் உருண்டை எந்திரம் நிற்கும். மேலே கண்ணாடிக் குடுவை. கீழே வார்ப்பிரும்பு உடல். ஒரு சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால், உள்ளே துளையிட்ட தட்டு சுழன்று ஓர் உருண்டை வெளியே விழும். 1888-ல் நியூயார்க் ரயில் நிலையங்களில் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனம் சூயிங்கம் எந்திரங்களை வைத்தது. உருண்டை சூயிங்கம் எந்திரம் 1907 வாக்கில் வந்தது. எந்திரக்காரரே சரக்கை நிரப்புவார், காசை எண்ணுவார், இடம் கொடுத்த கடைக்காரருக்குப் பங்கு தருவார்.

அந்தப் பழைய எந்திரங்களைத் தேடிச் சேகரிப்போர் இன்று அங்கே பலர். கொலம்பஸ், நார்த்வெஸ்டர்ன், நாரிஸ் கம்பெனியின் 'மாஸ்டர்' ஆகியவற்றுக்குக் கிராக்கி அதிகம். கிராக்கி உள்ள சரக்கில் கலப்படம் நுழையும் என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக் குடுவை, புதுப் பூட்டு, புது வண்ணம் எல்லாம் சேர்ந்த பிறகும் 'அசல் பழையது' என்று விலை சொன்னால், அது மிளகில் பப்பாளி விதையைக் கலப்பதற்குச் சமம்.

பழுது பார்ப்பது தவறல்ல. ஓடாத எந்திரத்தை ஓடவைப்பது நல்ல காரியமே. மாற்றியதை மறைத்து விற்பதுதான் தவறு. "வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டுமே" என்பார்கள் சிலர். புது வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்க அரசு 2025 நவம்பரில் புழக்கத்துக்கான ஒரு சென்ட் காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. இருக்கும் காசு செல்லும், புதிது வராது. இனி வேறு காசு ஏற்கும்படி உட்பாகத்தை மாற்றும் ஆசை பலருக்கு வரலாம். அப்படி மாற்றினால் எந்திரத்தின் சரித்திரமே போய்விடும். 1943-ல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் சென்ட் காசை எஃகில் அடித்தார்கள். கள்ளக் காசைப் பிடிக்கக் காந்தம் வைத்திருந்த விற்பனை எந்திரங்கள் அந்த நல்ல காசையும் ஏற்க மறுத்தன. இந்தக் கதையைச் சொல்லக் காசு வாங்கும் அந்த உட்பாகமே சாட்சி.

ஆகவே நம் கருத்து இதுதான்: பழம்பொருள் விற்பவர் எது அசல், எது மாற்றியது என்பதைப் பில்லிலேயே எழுதித் தரவேண்டும். விலை சற்றுக் குறைந்தாலும் வாங்கியவர் மறுபடி வருவார். உள்ளே இருக்கும் சரக்கைக் கண்ணாடி வழியே காட்டி விற்ற எந்திரம் அது. அதை மறைத்து விற்பது வியாபார தர்மம் ஆகாது.