எட்டுப் பந்துகளுக்கு அப்பால்

தினேஷ் கார்த்திக் பெயரைத் தேக்காவில் யாரிடம் சொன்னாலும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். 2018 மார்ச் 18, கொழும்பு. பங்ளாதேஷுக்கு எதிரான இறுதி ஆட்டம், கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை. அடித்தார் ஒரு சிக்சர்! எட்டே பந்துகளில் 29 ஓட்டங்கள்.

எனக்கென்னவோ அந்த எட்டுப் பந்துகளைவிட, அதற்கு முன்னும் பின்னும் அவர் பெட்டி கட்டிய கதைதான் பிடிக்கும்.

2004 செப்டம்பரில் லார்ட்ஸ் திடலில் இந்தியாவுக்காக முதன்முதலாகக் கையுறை மாட்டியபோது அவருக்கு வயது 19. மூன்றே மாதங்களில் டோனி வந்துவிட்டார். விக்கெட் காப்பாளருக்கு அணியில் இருப்பதோ ஒரே இடம். கார்த்திக் வேறு வேலை கற்றுக்கொண்டார். 2007ல் இங்கிலாந்தில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றபோது, தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 263 ஓட்டங்கள் எடுத்தார். இந்திய அணியில் ஆக அதிகம் அதுதான். இன்று அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? 2010 தொடக்கத்தில் ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட்டுக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

ஐபிஎல்லில் 17 பருவங்கள், ஆறு அணிகள். ஏலத்தில் 2014ல் டெல்லி கொடுத்தது 12.5 கோடி ரூபாய். மறு ஆண்டு பெங்களூரு 10.5 கோடி. அதற்கடுத்த ஆண்டு குஜராத் 2.3 கோடி! ஆள் அதே ஆள், மட்டையும் அதே மட்டை. சென்னைக்காரர்தான், ஆனால் சென்னை அணியின் மஞ்சள் சட்டை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

வேலை ஒப்பந்தம் முடியும் நேரத்தில் நேயர்கள் சிலர் எங்களுக்குக் குறுந்தகவல் அனுப்புவார்கள். பாட்டு கேட்டுவிட்டு, கூடவே ஒரு வரி: “என் மதிப்பு இவ்வளவுதானா?” அவர்களுக்கு அந்த மூன்று தொகைகளையும் படித்துக் காட்டத் தோன்றும். அந்த ஆண்டு எந்த அணியில் எந்த இடம் காலி, கையில் எவ்வளவு பணம் மிச்சம் என்பதுதான் பாதி விலையைத் தீர்மானிக்கிறது.

மீதிப் பாதி நம் கையில். 2021ல் இங்கிலாந்தில் தொலைக்காட்சி வருணனையாளராக அவர் உட்கார்ந்தபோது, ஆட்டம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். (வருணனையும் நன்றாகவே செய்தார், தொழில்முறைப் பொறாமையோடு சொல்கிறேன்.) அவரோ, கடைசி சில ஓவர்களில் ஆடுவதை மட்டும் தனி வேலையாக எடுத்துப் பயிற்சி செய்தார். 2022ல் பெங்களூருக்கு 330 ஓட்டங்கள். 37 வயதில் மீண்டும் இந்திய அணி, உலகக் கிண்ணம்.

2024ல், தம் 39ஆம் பிறந்தநாளன்று ஓய்வை அறிவித்தார். ஒரே மாதத்தில் பெங்களூரு அவரைப் பந்தடிப்புப் பயிற்றுவிப்பாளராக்கியது. 2025 ஜூனில் அந்த அணிக்கு முதல் ஐபிஎல் கிண்ணம் கிடைத்தது. சிங்கப்பூரில் பிறந்து, நம் அணிக்கு ஆடி, பின்னர் ஆஸ்திரேலியாவுக்கு ஆடப்போன டிம் டேவிட்டும் அந்த அணியில் இருந்தார். லாகூர், செயின்ட் லூசியா, மும்பை என்று அவரும் பெட்டியோடு அலைந்தவர். காயத்தால் இறுதி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேட்டி எடுக்க ஆசை. சிக்சரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.